பேரப்புறாவின் பின்புறம்

பள்ளிக்கூடத்தில் நாம் படித்த கதை இப்படிப் போகும். டார்வின் என்று ஒரு வெள்ளைக்காரர், நெஞ்சுவரை தாடி. கப்பலேறிக் கலாபகஸ் தீவுகளுக்குப் போனார். அங்கே தீவுக்கு ஒரு குருவி, குருவிக்கு ஒரு அலகு. பார்த்தார்; மண்டையில் பல்பு எரிந்தது; பரிணாமக் கொள்கை பிறந்தது. எழுதினால் ஐந்து மதிப்பெண். நாலு அலகுகளின் படம் வரைந்தால் கூட இரண்டு.

இதில் கப்பல் நிஜம். தீவும் நிஜம். தாடி பொய்: 1835இல் அவருக்கு 26 வயது, தாடி வளர்த்தது ஐம்பதைத் தாண்டிய பிறகு. பல்பு விஷயம் அதைவிட மோசம். கலாபகஸில் அவருக்குப் பல்பு எரியவில்லை. வாங்கினார்.

குருவிகளைச் சுட்டுப் பையில் போட்டார், சரி. எது எந்தத் தீவில் சுட்டது என்று ஒரு சீட்டு எழுதிக் கட்டியிருக்க வேண்டாமா? பெரும்பாலானவற்றுக்குக் கட்டவில்லை. எல்லாம் ஒரே குடும்பம் என்பதும் பிடிபடவில்லை. அலகைப் பார்த்து மயங்கி, சிலதை வேறு வகைப் பறவைகள் என்றே குறித்துக்கொண்டார். அந்தத் தீவுகளின் துணை ஆளுநர் லாசன், ‘ஆமையின் ஓட்டைப் பார்த்தாலே எந்தத் தீவு என்று சொல்லிவிடுவேன்’ என்று வலிய வந்து சொன்னார். தட்டில் வைத்து நீட்டிய உயிரியலை நம்மாள் கவனிக்கவே இல்லை. தட்டில் வேறொன்று இருந்தது: ஆமை. கப்பலில் ஏற்றிய ஆமைகளை வழிநெடுகச் சமைத்துச் சாப்பிட்டார்கள். ஓடுகள் கடலுக்குப் போயின. வழக்கின் முக்கிய சாட்சிகளை விசாரணை அதிகாரியே குழம்பு வைத்துச் சாப்பிட்ட சம்பவம் வரலாற்றில் அதிகம் இருக்காது.

ஊர் திரும்பிய பிறகு, 1837 ஜனவரியில், லண்டன் விலங்கியல் சங்கத்தில் இருந்த ஜான் கூல்ட் பறவைகளைப் பரப்பி வைத்துப் பார்த்துவிட்டு, ‘ஐயா, இதெல்லாம் ஒருத்தருக்கொருத்தர் பங்காளி’ என்று சொன்னார். அப்போதுதான் டார்வினுக்குத் தீவுச் சீட்டின் அருமை தெரிந்தது. கப்பல் தலைவர் ஃபிட்ஸ்ராய் பிடித்த குருவிகள், தன்னுடைய எடுபிடிப் பையன் கோவிங்டன் பிடித்த குருவிகள் என்று கேட்டு வாங்கி ஒப்பிட வேண்டியதாயிற்று. பையன் சீட்டு எழுதி வைத்திருந்தான். எஜமான் வைக்கவில்லை. இந்தச் சீட்டு விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, குருவிகளை விட்டுவிடலாம். உண்மையில் டார்வின் பாடம் கேட்டது புறாக்களிடம். அதைவிட, புறாக்காரர்களிடம். அதுவும் சாராயக்கடையில்.

அங்கே போய்ச் சேர அவருக்குக் கிட்டத்தட்ட 20 வருஷம் ஆயிற்று. 1838இல் மால்தஸ் எழுதிய மக்கள்தொகைப் புத்தகத்தைப் படித்தார். பிறப்பது ஏராளம், பிழைப்பது கொஞ்சம் என்ற கணக்கு மனதில் விழுந்தது. பிழைத்ததற்கும் செத்ததற்கும் இடையே சின்ன வித்தியாசம் ஏதாவது இருந்து, அது பிள்ளைக்கும் போகுமானால், தலைமுறை தலைமுறையாக அந்த வித்தியாசம் கூட்டத்தில் பரவும். அவ்வளவுதான் இயற்கைத் தேர்வு. பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதி முடித்துவிடலாம். நம்மாள் 1844இல் 230 பக்கம் எழுதினார். எழுதி, ‘நான் திடீரென்று செத்துப்போனால் 400 பவுண்டு செலவழித்து இதை அச்சிடு’ என்று மனைவி எம்மாவுக்குக் கடிதமும் வைத்து, பத்திரமாகப் பூட்டிவிட்டார். பிறகு கொட்டலசு ஆராயப் போனார். கப்பலின் அடியில் ஒட்டிக்கொண்டு வருமே, அதுதான். எட்டு வருஷம். வீட்டில் அப்பா கொட்டலசைத் தவிர வேறெதையும் பார்த்தறியாத பிள்ளைகளில் ஒன்று பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி, ‘அவர் கொட்டலசு பார்ப்பது எந்த அறையில்?’ என்று கேட்டதாகச் சொல்வார்கள். உலகத்து அப்பாக்களுக்கெல்லாம் அதுதான் உத்தியோகம் என்று நினைத்திருக்கிறது பாவம்.

1854இல் கொட்டலசு தீர்ந்தது. டார்வினுக்கு ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. காட்டில் நடக்கும் தேர்வை யாரும் கண்ணால் பார்க்க முடியாது; அவ்வளவு மெதுவாக நடக்கும். வாசகனை நம்பவைக்கக் கண்ணெதிரே ஒரு வேடிக்கை வேண்டும். மனிதன் பார்த்துப் பார்த்து ஜோடி சேர்த்து ஒரு பிராணியை உருமாற்றிய கதை ஏதாவது கிடைத்தால், ‘மனிதனே இத்தனை செய்யும்போது’ என்று ஆரம்பிக்கலாம். புறாவைத் தேர்ந்தெடுத்தார். குட்டிப் பிராணி, சீக்கிரம் குஞ்சு பொரிக்கும், ரகங்களோ எக்கச்சக்கம். முக்கியமாக, ஒருமுறை ஜோடி சேர்ந்தால் ஒருவனுக்கு ஒருத்தி. பத்து ரகத்தை ஒரே கூண்டில் விட்டாலும் கலப்படம் ஆகாது. கெண்ட் மாவட்டத்து டவுன் கிராமத்தில் தன் வீட்டுத் தோட்டத்தில் கூண்டு கட்டினார். மகள் ஹென்ரியட்டாவுக்கு ஒரே கொண்டாட்டம். அப்பாவுக்கு அதைவிட. புவியியல் மேதை சார்ல்ஸ் லயலை வீட்டுக்குக் கூப்பிட்டபோது, ‘என் புறாக்களைக் காட்டுகிறேன், ஒரு மனிதப் பிறவிக்கு இதைவிடப் பெரிய விருந்து கிடையாது’ என்கிற தோரணையில் எழுதினார். கொட்டலசுக்கு அப்படி எழுதியதாகத் தெரியவில்லை.

விருந்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. எலும்புகளை அளந்து ஒப்பிட வேண்டும். அதற்குச் செத்த பறவையை வேகவைத்துச் சதையைக் கழற்ற வேண்டும். ஆளுக்கு ஆள் தைரியம் சொல்லிக்கொண்டு டார்வினும் வேலைக்காரரும் ஒருமுறை உட்கார்ந்தார்கள். நாற்றம் தாங்காமல் இருவரும் குமட்டிக்கொண்டே எழுந்து ஓடினார்கள். உயிரியல் புரட்சி என்றால் நாம் நினைப்பது மாதிரி வாசனையாக இருப்பதில்லை.

இனி சாராயக்கடை. அந்தக் காலத்து லண்டனில் புறா வளர்ப்பு பெரிய பைத்தியம். ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளிகளிலிருந்து பிரபுக்கள்வரை எல்லோரும் வளர்த்தார்கள். சங்கங்கள் இருந்தன, உசத்திச் சங்கம் ஒன்று, சாதாரணச் சங்கம் ஒன்று. நம்மாள் இரண்டிலும் சேர்ந்தார். கேம்பிரிட்ஜ் படிப்பு, அப்பா வைத்துவிட்டுப் போன சொத்து, ஆறடி உயரம், எப்போதும் வயிற்றுக் கோளாறு. இப்படிப்பட்ட கனவான் சாயங்காலம் ரயிலேறி, லண்டன் பாலத்துக்குப் பக்கத்தில் கூடும் புறாக்காரர்களோடு போய் உட்காருகிறார். பிரென்ட் என்ற ஒரு புறாக்காரர் சாப்பாடு முடிந்ததும் மண் சுங்கானை எடுத்து ‘இந்தாங்க உங்க பைப்’ என்று நீட்டினார். வேண்டுமா என்ற கேள்விக்கே இடமில்லை. இன்னொருத்தர் நோஞ்சான் கோழி ஒன்றைக் காட்டி, ‘ஐம்பது பவுண்டு கொடுத்தாலும் விற்கமாட்டேன்’ என்றார். அதன் கொண்டை கறுப்பாம். புறாக்காரர்கள் எல்லோரும் குள்ளம்தான் போலிருக்கிறது என்று டார்வின் மகனுக்கு ஒரு கடிதத்தில் எழுதினார். அறிவியல் முறைப்படி பார்த்தால் இரண்டு பேரை வைத்துக்கொண்டு இப்படி முடிவுக்கு வரக்கூடாது. போகட்டும்.

ஒருநாள் பரோ பகுதியில் ஒரு ஜின் கடை. கூட்டம் கூடியிருக்கிறது. பேச்சுவாக்கில் யாரோ மெல்ல ஒரு வார்த்தை விடுகிறார்: புல்ட் என்பவர் தன்னுடைய பௌட்டர் புறாவை, உருவம் பெரிசாகட்டும் என்று, ரன்ட் புறாவோடு ஜோடி போட்டுவிட்டாராம். கடை நிசப்தம். ஒவ்வொரு தலையாக மெதுவாக, பயபக்தியோடு, இழவு வீட்டில் ஆடுவதுபோல இடவலமாக ஆடுகிறது. பௌட்டர் என்பது தீனிப்பையை பலூன் மாதிரி ஊதிக்கொண்டு நிற்கும் சீமான்; ரன்ட் என்பது பேர்தான் குள்ளம், ஆள் தடியன். சீமான் வீட்டுப் பிள்ளைக்குத் தடியன் வீட்டில் சம்பந்தமா? இந்தத் தலையாட்டலைப் பிற்பாடு டார்வின் ரசித்து ரசித்து விஞ்ஞானி நண்பர் ஹக்ஸ்லிக்கு எழுதினார். புறாவைக் கலக்காமல் எப்படி ரகம் காப்பது, எந்தக் கலப்பு என்ன செய்யும் என்பது எந்தப் பேராசிரியருக்கும் தெரியாத காலம் அது. இந்தத் தலைகளுக்குத் தெரிந்திருந்தது.

அவர்கள் கண் அப்படி. எங்கள் தெருவில் மொட்டைமாடியில் புறா வைத்திருந்த அண்ணன் ஒருவர் உண்டு. என் கண்ணுக்கு ஒரே அச்சில் வார்த்த நாலு சாம்பல் புறாக்களைக் காட்டி, இது அதற்கு அக்கா, இது மாமன், அந்த ஓரத்தில் நிற்பது கர்ணத்துக்கு ஆகும், இது ஆகாது என்பார். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டால் ‘பார்த்தாலே தெரியுதே’ என்று என்னைத்தான் பரிதாபமாகப் பார்ப்பார். லண்டனிலும் அதே கதை. சர் ஜான் செப்ரைட் என்ற பழைய கை, எந்த இறகு வேண்டுமோ சொல்லுங்கள், மூன்று வருஷத்தில் கொண்டுவருகிறேன், தலையும் அலகும் என்றால் ஆறு வருஷம் என்று கெடு சொல்வாராம். நம்மூரில் ரவிக்கை தைக்கக் கொடுத்தாலே இந்தக் கெடு நடப்பதில்லை.

அப்படி அவர்கள் செதுக்கி வைத்திருந்ததைப் பாருங்கள். காட்டுப் புறாவின் வாலில் 12 இறகு இருக்கும். நம்மூர்க் கடைகளில் லக்கா என்று விற்கிறார்களே, அந்த விசிறிவால் புறாவுக்கு 30, சிலதற்கு 40. ஜாக்கோபினுக்குக் கழுத்தைச் சுற்றி இறகு முக்காடு. கேரியர் புறாவுக்கு மூக்கைச் சுற்றிக் காலிஃப்ளவர் மாதிரி தோல்மடிப்பு. கர்ணப்புறா ஆகாயத்தில் குட்டிக்கரணம் போடும். குட்டை அலகுக் கர்ணப்புறாவின் அலகை ரசிகர்கள் சுருக்கிச் சுருக்கி, குஞ்சு முட்டையை உடைத்து வெளியே வர முடியாத நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். வளர்ப்பவரே பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டைப் பிய்த்துவிட்டு ‘வாடா கண்ணா’ என்று வரவேற்க வேண்டும். இதில் ஒரு இருபது ரகத்தைப் பொறுக்கி, காட்டில் பிடித்தது என்று பொய் சொல்லி, ஒரு பறவை நிபுணரிடம் நீட்டினால், மறுபேச்சில்லாமல் இருபது தனித்தனி இனம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார் என்று டார்வின் சொன்னார். அலகும் கபாலமும் அவ்வளவு வேறு.

இப்போது வேடிக்கையைக் கேளுங்கள். ஒவ்வொரு புறாக்காரரிடமும் டார்வின் கேட்டார்: ‘இத்தனை ரகமும் ஒரே காட்டுப் புறாவிலிருந்து வந்திருக்குமோ?’ சிரித்தார்கள். லக்காவுக்கு ஒரு ஆதி லக்கா, பௌட்டருக்கு ஒரு ஆதி பௌட்டர், காட்டில் தனித்தனியாக இருந்திருக்கும் என்பதில் ஒருவருக்கும் சந்தேகமே இல்லை. மாட்டுக்காரரிடம் கேட்டார், அவரும் அதே சிரிப்பு. வருஷாவருஷம் ஒரு இறகு கூட, அரை நூல் அலகு குறைய என்று பார்த்துப் பார்த்து எடுப்பவர்கள் இவர்களே. அதற்காகப் பரிசு வாங்கியவர்கள் இவர்களே. அந்த அரை நூலை நூறு தலைமுறைக்குக் கூட்டினால் எத்தனை முழம் என்று மட்டும் ஒருத்தரும் கூட்டவில்லை. தினமும் உண்டியலில் காசு போடுகிறவன், உண்டியல் கனப்பதைப் பார்த்து ஏதோ தெய்வம் போட்டது என்று சொன்னால் எப்படி? டார்வின் உண்டியலை உடைத்து எண்ணினார். அவர் செய்த பெரிய காரியம் என்று நான் நினைப்பது இதுதான். தகவல் எல்லாம் புறாக்காரர்களுடையது. கூட்டல் மட்டும் அவருடையது.

எண்ணுவதற்கு லண்டன் புறா போதவில்லை. உலகமெல்லாம் கடிதம் போட்டார். அதில் 1856 ஜனவரியில் எழுதிய ஒன்று நம்ம மதராசுக்கு வந்தது. பெற்றவர் வால்டர் எலியட், மதராஸ் அரசாங்கத்தில் பெரிய அதிகாரி. (எலியட்ஸ் பீச் எலியட் வேறு.) அமராவதிச் சிற்பங்கள் லண்டனுக்குப் போனதில் இவர் கை உண்டு, அது ஒரு தனி வயிற்றெரிச்சல். சிற்பத்தோடு நிற்காமல், புறாத் தோல்களையும் மூட்டை மூட்டையாக அனுப்பிவைத்தார். கூடவே ஒரு பாரசீகப் புறா நூலின் மொழிபெயர்ப்பும். அதை எழுதிய சையத் முகமது முசாரி 1770இல் காலமானவர். ஆக, டார்வினின் அப்பா பிறக்கிற காலத்திலேயே இங்கே புறாவுக்குப் பாடப்புத்தகம் இருந்தது. அக்பர் பாதுஷா படையெடுத்தாலும் ஊர்மாறினாலும் 20,000 புறாக்கள் கூடவே போகும் என்ற செய்தியையும் டார்வின் விடாமல் எழுதிவைத்தார். லோட்டன் என்றொரு இந்தியப் புறா, லேசாக உலுக்கித் தரையில் விட்டால் யாராவது எடுத்து நிறுத்தும்வரை உருண்டுகொண்டே இருக்கும் என்பதும் அவர் புத்தகத்தில் இருக்கிறது. அரசு அலுவலகத்தில் மனுவும் இப்படித்தான். ஆனால் அதை யாரும் எடுத்து நிறுத்துவதில்லை.

சரி, ஒரே மூதாதை என்பதற்கு நிரூபணம்? நம்மாள் ஒரு சம்பந்தம் பேசினார். சுத்த வெள்ளை விசிறிவால் ஒரு பக்கம். சுத்தக் கறுப்பு பார்ப் புறா மறுபக்கம். ஜின் கடையில் தெரிந்தால் தலைகள் கழுத்திலிருந்து கழன்றே விழுந்திருக்கும். பிள்ளைகள் பழுப்பும் கறுப்புமாகத் திட்டுத்திட்டாகப் பிறந்தன. அவற்றை மறுபடி ஒன்றோடொன்று ஜோடி சேர்த்தார். பேரப்பிள்ளைகளில் ஒன்று முட்டையை உடைத்து, வளர்ந்து, இறகு விரித்து நின்றது.

உடம்பு முழுக்க அழகான நீலச் சாம்பல். இறக்கையில் இரண்டு கறுப்புப் பட்டை. வால் நுனியில் கறுப்புக் கோடு, ஓரத்தில் வெள்ளை. வாலுக்கு மேலே, முதுகு முடியும் இடத்தில், பளிச்சென்று வெள்ளைத் திட்டு.

தாத்தா வெள்ளை, பாட்டி கறுப்பு, பேரனோ ஐரோப்பாவின் கடலோரப் பாறைகளில் திரியும் காட்டு மாடப்புறாவின் அச்சு அசல். அந்த நிறம் கண்ணெதிரே இருந்த எந்தப் பாட்டன் பாட்டியிடமும் இல்லை. எங்கிருந்து வந்தது? கொள்ளுத் தாத்தாவுக்குக் கொள்ளுத் தாத்தாவிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். இத்தனை நாள் இரண்டு குடும்பத்திலும் உள்ளே ஒளிந்திருந்தது. கல்யாண வீட்டில் பிள்ளையைப் பார்த்து, ‘அப்படியே எங்க பெரிய தாத்தா மூக்கு’ என்று கிழவிகள் சொல்வார்களே, அந்த வாக்குமூலத்தை விஞ்ஞானம் ஏற்றுக்கொண்ட இடம் இது. (இதைப் படித்துவிட்டுக் கோயில் கோபுரத்தடியில் நின்று வெள்ளைப் பின்புறம் தேடாதீர்கள். நம்மூர் மாடப்புறாவுக்கு அந்த இடம் சாம்பல்தான். டார்வின் அதையும் குறித்திருக்கிறார்.)

எப்படி ஒளிந்திருந்தது என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. உடம்பின் ஒவ்வொரு உறுப்பும் சின்னத் துகள்களை அனுப்பிவைக்கும், அவை ஒன்றுசேர்ந்து பிள்ளையாகும் என்று 1868இல் ஒரு விளக்கம் கொடுத்தார். சுத்தத் தப்பு. சரியான விடையை இரண்டு வருஷம் முன்பே மெண்டல் என்ற பாதிரியார் பட்டாணிச் செடியை வைத்து அச்சில் போட்டிருந்தார். யாரும் படிக்கவில்லை.

இனி இயற்கைக்கு வருவோம். புறாக்காரர் ஒரு கூண்டில் பத்துக் குஞ்சு பொரித்தால் நல்லதாக இரண்டை வைத்துக்கொள்வார். மற்ற எட்டும்? இதைப் பற்றிப் பேச யாருக்கும் பிடிக்காது. பொதுவாகப் புறா வறுவல் பக்கம் போகும் சமாசாரம். தேர்வு என்று நாம் மரியாதையாகச் சொல்வதில் முக்கால்வாசி இந்த எட்டின் கதைதான். காட்டில் புறாக்காரர் கிடையாது, பரிசு கிடையாது, ஜின் கடையில் ஆடும் தலை கிடையாது. பருந்து, பசி, பனி, சீக்கு, இவை போதும். எட்டைக் கழித்துவிடும். எந்த இரண்டு மிஞ்சுகிறது என்பது சின்னச் சின்ன வித்தியாசத்தில் இருக்கிறது. ஒரு தனிப் புறா தன் ஆயுளில் கொஞ்சமும் பரிணமிப்பதில்லை. வேண்டி விரதமிருந்தாலும் ஒரு இறகு கூடாது. மாறுவது கூட்டம். போன தலைமுறையில் நூற்றுக்குப் பத்தாக இருந்த சாயல் இந்தத் தலைமுறையில் பன்னிரண்டு என்றால், அங்கே பரிணாமம் நடந்துவிட்டது. சத்தமே கேட்காது. புதுப் பிராணி எதுவும் கிளம்பி வந்திருக்காது. இனம் அதே இனம், புறா அதே புறா.

வாலஸ் என்பவர் தென்கிழக்காசியத் தீவொன்றிலிருந்து இதே கொள்கையை எழுதி அனுப்பியது 1858 ஜூனில் வந்து சேர்ந்ததும் டார்வினுக்கு வயிற்றில் புளி கரைந்ததும் தெரிந்த கதை. 20 வருஷம் அடைகாத்தவர் அடுத்த வருஷமே பொரித்துவிட்டார். கையெழுத்துப் பிரதி பதிப்பாளர் ஜான் மர்ரியிடம் போயிற்று. மர்ரி ஒரு அபிப்பிராயத்துக்காக விட்வெல் எல்வின் என்ற பாதிரியாரிடம் கொடுத்தார். பெரிய பத்திரிகை ஒன்றின் ஆசிரியர், படித்த மனிதர். எல்வின் 1859 மே மாதம் கருத்து எழுதினார். சுருக்கம் இது: இந்தப் பெரிய கொள்கையெல்லாம் இப்போது எதற்கு? புறாவைப் பற்றி எழுதியிருக்கிறாரே, அது பிரமாதம். புறாவை மட்டும் வைத்து ஒரு புத்தகம் போடச் சொல்லுங்கள். புறா என்றால் எல்லோருக்கும் பிடிக்கும். நாட்டில் எல்லாப் பத்திரிகையிலும் மதிப்புரை வரும், வீட்டுக்கு வீடு மேசையில் கிடக்கும்.

ஆசிரியர்கள் என்ற ஜாதியைப் பற்றி எனக்கு இருந்த எல்லாச் சந்தேகமும் இந்த ஒரு கடிதத்தில் தீர்ந்துபோயிற்று. ஆனால் ஒரு விஷயத்தில் அவரைக் குறை சொல்ல மாட்டேன். புறாதான் அந்தப் புத்தகத்தின் உயிர் என்பதைச் சரியாகக் கண்டுபிடித்தார். டார்வின் அவர் பேச்சைக் கேட்கவில்லை. ஆனால் முதல் அத்தியாயத்தில் பக்கம் பக்கமாகப் புறாவைப் பறக்கவிட்ட பிறகுதான் மற்றதை எடுத்தார். 1859 நவம்பர் 24ஆம் தேதி, 1,250 பிரதி, விலை 15 ஷில்லிங். கடைக்காரர்கள் மொத்தத்தையும் வாரிக்கொண்டு போனார்கள்.

கூட்டல் அவருடையது என்று மேலே புகழ்ந்தேன். ஒரு திருத்தம் சொல்லாவிட்டால் பாவம் சேரும். எந்தப் பிராணியும் தடையில்லாமல் பெருகினால் என்ன ஆகும் என்று காட்ட, மெதுவாகக் குட்டிபோடும் யானையை எடுத்து, ஒரு ஜோடியிலிருந்து 500 வருஷத்தில் ஒன்றரைக் கோடி யானை என்று அதே புத்தகத்தில் எழுதிவிட்டார். பிற்பாடு வாசகர்கள் பென்சிலும் கையுமாக உட்கார்ந்து கணக்குத் தப்பு என்றார்கள். பார்த்தால் தப்புத்தான். கடைசிப் பதிப்பில், 740 முதல் 750 வருஷத்தில் கிட்டத்தட்ட ஒரு கோடியே 90 லட்சம் என்று மாற்றினார். 250 வருஷம் போனாலென்ன, யானை நிறைய என்பதில் மாற்றமில்லை.

புறாக்காரர்கள் மண்ணோடு மண்ணான பிறகு, 2013இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் புறாவின் மரபணுத் தொகுதியைப் படித்து முடித்தார்கள். ரகங்கள் எல்லாம் மாடப்புறா வழி என்பதில் கிழவர் சரி. கொண்டை வைத்த ரகங்களுக்கெல்லாம் அந்த ஒய்யாரம் ஒரே மரபணுவில் நேர்ந்த ஒரே மாற்றத்தால் வந்தது என்பதும் தெரிந்தது. முக்காடு ஜாக்கோபினும் சின்னக் கொண்டைக்காரனும் ஒரே கடையில் வாங்கிய சரக்கு. ஆனால் 2018இல் ஒரு குடும்ப ரகசியமும் வெளியே வந்தது. இறக்கையில் கட்டம் கட்டமாக வரும் ஒரு கோலம், என்றோ ஒருநாள் ஆப்பிரிக்கப் புள்ளிப் புறா என்ற வேறொரு இனத்தோடு நடந்த கலப்பில் வந்து சேர்ந்ததாம். ஜின் கடையில் ஆடிய தலைகளுக்கு லேசான ஆறுதல்.

எனக்குப் பிடித்த விஷயம் வேறு. பேரப்புறாவின் பின்புறத்தில் அந்த வெள்ளைத் திட்டு வந்ததே, அது எதற்கு? அழகுக்கா? கலிஃபோர்னியாவின் டேவிஸ் ஊரில் ஏழு வருஷம் சிலர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊர்ப்புறாக் கூட்டம், மேலே வல்லூறு. மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வேகம் எடுத்துத் தலைகீழாகப் பாயக்கூடிய எமன். கூட்டத்தில் வெள்ளைத் திட்டோடு இருந்த புறாக்கள் ஐந்தில் ஒன்று இருக்கும். வல்லூறிடம் பிடிபட்டதில் அவை நூற்றுக்கு இரண்டு. சும்மா விடுவார்களா? வெள்ளை இறகை வெட்டி எடுத்துச் சாம்பல் புறாவுக்கும், சாம்பல் இறகை எடுத்து வெள்ளைப் புறாவுக்கும் ஒட்டிவிட்டார்கள். அதிர்ஷ்டமும் இறகோடு இடம் மாறிற்று.

நடப்பது இதுதான் என்கிறார்கள். வல்லூறு பாயும்போது புறா கடைசி நொடியில் ஒரு இறக்கையைத் தாழ்த்திப் பக்கவாட்டில் உருளும். வல்லூறின் கண் அந்த நேரம் பளிச்சென்ற வெள்ளையில் ஒட்டியிருக்கும். இறக்கை தாழ்ந்ததைக் கவனிப்பதற்குள் புறா இடத்தில் இல்லை. எமன் கையில் காற்று. மிஞ்சிய புறா மறுநாள் முட்டையிடும். குஞ்சுக்கும் வெள்ளைப் பின்புறம். ரசிகர்களின் கூண்டில் எத்தனையோ ரகங்களில் காணாமல் போன அடையாளம், வல்லூறு நடத்தும் கூண்டில் பரிசு வாங்கிக்கொண்டே இருக்கிறது.

டார்வின் தன் புறாத் தோல்களையும் எலும்புகளையும் 1867இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டார். இப்போது அவை ட்ரிங் என்ற சிற்றூரில், இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பறவைக் கிளையில் இருக்கின்றன. இந்தமுறை எண் போட்டுத்தான் கொடுத்திருக்கிறார்.